பாலனுக்கு விரித்த பஞ்சு

கனடாவில் எங்கள் கோயில் பங்கில் கிறிஸ்துமசுக்குப் பாலன் குடில் கட்டுவது சின்ன வேலை இல்லை. தொழுவம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், ஆடுகள் படுத்திருக்க வேண்டுமா நிற்க வேண்டுமா, ராசாக்களை இப்போதே வைப்பதா பிறகு வைப்பதா என்று நவம்பரிலேயே வாய்த்தர்க்கம் தொடங்கிவிடும். மன்னார் ஆட்களுக்கு ஒரு முறை, யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இன்னொரு முறை. நான் யாழ்ப்பாணம், வாயும் கொஞ்சம் நீளம், ஆகவே இந்தச் சண்டைகளில் எனக்கும் பங்கு உண்டு. கடைசியில் இரண்டு பகுதியும் விட்டுக்கொடுப்பது மன்னாரைச் சேர்ந்த ஒரு மனிதருக்குத்தான். பெரியவர் சின்னவர் எல்லோரும் அவரைக் குடில் அண்ணை என்றே கூப்பிடுவோம். லாசாலில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மற்ற மாதங்களில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டார். டிசம்பர் வந்தால் எங்களுக்கெல்லாம் அவர்தான் ஓவசியர்.

கோயில் எங்களுக்குச் சொந்தமில்லை. கியூபெக் ஆட்களுடைய பழைய கற்கோயில் அது. அவர்களுடைய பூசை முடிந்த பிறகு எங்களுக்குத் தருவார்கள். கீழே நிலவறையில் ஒரு மண்டபம் இருந்தது, பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்கும் எங்கள் தேத்தண்ணிக்கும். நத்தாருக்கு நடுச்சாமப் பூசை அவர்களுக்கு, முதல்நாள் பின்னேரப் பூசை எங்களுக்கு. அதற்கும் முணுமுணுக்க ஆட்கள் இருந்தார்கள், நானும் ஒருத்தி.

ஒரு வருடம் கோயிலைப் பராமரிக்கும் கிழவர் குடிலைப் பார்க்க வந்தார். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்கு மேலே மின்னி மின்னி அணைகிற பல்புகள். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூரை முழுக்க மரம், தீப்பிடித்தால் யார் பொறுப்பு, இனி இந்தக் கோயிலுக்குள் வைக்கோல் வரக்கூடாது என்று பிரெஞ்சில் கத்தினார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் குப்பைப் பையில் அள்ளச் செய்தார். அந்த நத்தாருக்குப் பாலன் வெறும் துவாய்த் துணியில் கிடந்தார். குடில் அண்ணைக்கு அது பெரிய மானக்கேடு. "பெத்தலேகமில துவாயோ விரிச்சிருந்தது?" என்று தவக்காலம் தொடங்கும் வரை காண்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அடுத்த கோடையில் வழக்கம்போல பஸ் பிடித்து யாத்திரை போனோம். கியூபெக் நகரத்துக்கு அப்பால் ஆற்றங்கரையில் அன்னம்மாளுக்கு ஒரு பெரிய கோயில் இருக்கிறது. ஊரில் அன்னம்மாள் கோயில் இருக்கும் தலவிலவுக்குப் போக வழியில்லாத எங்களுக்கு அதுதான் தலவில. பஸ் ஓட்டியவர் ஒரு கியூபெக்காரர், நல்ல மனிதர். எங்கள் உறைப்பு ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார், பிறகு மூன்றாவதையும் கேட்டு வாங்கினார். திரும்பும் வழியில் அவருக்கு ஒரு ஆசை. தான் பிறந்த ஊர் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது, கொஞ்சம் சுற்றுத்தான், காட்டட்டுமா என்றார். பஸ்சுக்குள் பாட்டும் கூத்துமாக இருந்த நாங்கள் எல்லோரும் ஓம் என்றோம்.

அது ஒரு சுரங்க ஊர். வீடுகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் மலைகள் நின்றன. கடவுள் வைத்த மலைகள் இல்லை, மனிதர்கள் கிண்டிக் கொட்டியவை. பச்சைப் பசேலென்ற கோடைக்காலத்தில் அந்த மலைகளில் மட்டும் ஒரு புல்லைக்கூடக் காணவில்லை. தாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மட்டையில் உட்கார்ந்து அந்த மலைகளில் சறுக்கி விளையாடியதாக ஓட்டுநர் சொன்னார். பெருங்குழி ஒன்றைப் பார்க்கும் மேட்டில் பஸ்சை நிறுத்தினார். குழியின் அடியில் தண்ணீர் நீலமும் பச்சையுமாகத் தேங்கி நின்றது. அங்கே இருந்துதான் ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். கரும்பச்சை, தடவினால் சவர்க்காரக் கட்டிபோல வழுக்கியது. அதன் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. கோட்டை அவர் நகத்தால் கிளற, கல்லுக்குள் இருந்து பட்டுப்போல நூல் வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஆச்சரியத்தை நான் கண்டதில்லை. கல்லில் நார் உரிகிறது! எங்கள் ஊரில் இதைப் பஞ்சுக் கல் என்போம் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டு, சிகரெட் லைட்டரை எடுத்து அந்த நூலில் தீயைப் பிடித்தார். நூல் எரியவில்லை. கருகக்கூட இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். குடில் அண்ணை மட்டும் கைதட்டவில்லை. அவர் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இது எரியாது. கண்டியளோ? இது எரியாது" என்றார். அவ்வளவுதான். ரோல்ஸ் கொண்டுவந்த கூலர் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. அது நிறையக் கல் ஏற்றினோம். அன்னம்மாளே வழிகாட்டி அனுப்பியிருக்கிறா என்று பஸ்சுக்குள் ஒரு பாட்டு அதிகமாகவே பாடினோம்.

நத்தாருக்கு முந்தின வாரம் அந்தக் கூலர் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. கோயிலுக்குக் கிட்ட இருப்பது எங்கள் அப்பார்ட்மெண்ட்தான். என் கணவருக்கு டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் பின்னேர வேலை, ஆகவே வரவேற்பறை எங்களுக்குத் தாராளம். பெண்கள் நாலு பேர் நிலத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, கத்தி நுனியால் வெள்ளைக் கோடுகளைக் கிண்டி நார் உரித்தோம். உரித்த நார் கட்டை கட்டையாக இருந்தது. அதைச் சீவினால் பஞ்சாகும் என்று கண்டுபிடித்தது என் ஏழு வயது மகள். குளியலறைக்குப் போய்ப் பேன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சீவும் வேலை அவளுடையது. சீவச் சீவ அது வெண்மேகமாகப் பொங்கியது. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் "நேஜ், நேஜ்" என்று பனியைக் கூப்பிட்டுக்கொண்டு, உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதி மேலே பறக்கவிட்டாள். அது தலையில் விழுந்தது, தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. நாங்கள் சிரித்தோம்.

எங்கள் ஆட்களுக்கு நத்தார்ப் பூசை முடிந்தால் பாலனை முத்தி செய்ய வேண்டும். பாலனின் சிலையை, அந்தச் சுருவத்தை, பங்குச் சுவாமி கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், வரிசையாக வந்து கொஞ்சிவிட்டுப் போவோம். அந்த வருடம் குடில் அண்ணை அதை மாற்றினார். பாலன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சனம் முழந்தாளில் நின்று குனிந்து முத்தி செய்யட்டும், அப்போதுதான் விரிப்பின் வடிவு தெரியும் என்றார். சுவாமியும் சம்மதித்தார். முழுப் பங்கும், கிழவர், கர்ப்பிணி, கைக்குழந்தை எல்லோரும், அந்த வெள்ளைப் பஞ்சுக்குள் முகத்தைக் கொண்டுபோய் முத்தமிட்டு எழும்பினார்கள். ஒருவருடைய மீசையில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துச் சிரிப்படங்காமல் பாடகர் குழு பாட்டைத் தவறவிட்டது. பராமரிப்புக் கிழவரும் வந்து பார்த்தார். குடில் அண்ணை அவருக்கு முன்னால் தீக்குச்சி தட்டிக் காட்ட, கிழவர் அண்ணையின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வசந்தத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயப் படிப்புக்கான வளாகத்தில். மெட்ரோவும் பஸ்சுமாகப் போய்ச் சேர்வதற்குள் பாதி நித்திரை கொள்ளலாம். மண் ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியைக்குக் கையாள் வேலை. சாடிகள் கழுவுவது, தட்டுகளில் விதை போடுவது, தண்ணீர் விடுவது. பேராசிரியை கியூபெக் பெண், குட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், மெல்லிய குரல். என் பிரெஞ்சு தடக்கினால் தயங்காமல் ஆங்கிலத்துக்கு மாறுவார். முதல் நாளே ஒரு அலுமாரியைக் காட்டி, இதற்குள் இருக்கும் பைகளை நீ தொடவேண்டாம், இவற்றை நானும் மாணவரும் மட்டும் திறப்போம் என்றார். தொடாவிட்டால் எனக்கு வேலை குறைவுதானே என்று நான் காரணம் கேட்கவில்லை.

அவர் ஓட்ஸ் வளர்த்தார். ஒரே விதை, ஒரே தண்ணீர், மண் மட்டும் வேறு வேறு. ஒரு வரிசைத் தட்டுகளில் பயிர் விரல் உயரம் வந்ததும் மஞ்சளடித்து நின்றுவிடும். எனக்குப் பயிர் வாடினால் பொறுக்காது. திருட்டுத்தனமாகக் கொஞ்சம் உரம் போடலாமா என்றுகூட நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், இந்த மண்ணுக்கு என்ன கேடு என்று. சேர்ப்பன்டைன் கல் உதிர்ந்த மண் என்றார் அவர். பாம்புத் தோல் போல இருப்பதால் அந்தப் பெயராம். கடலுக்கு அடியிலே, பூமியின் ஆழத்துக் கல்லோடு தண்ணீர் சேர்ந்து, கல்லே மாறிப்போய் அப்படி ஆகிறதாம். பிறகு கண்டங்கள் ஒன்றோடொன்று முட்டியபோது கடலடி மேலே தள்ளப்பட்டு மலையானதாம். அந்த மண்ணில் மக்னீசியம் மிதமிஞ்சிக் கிடக்கும், நிக்கல் கிடக்கும், பயிருக்கு வேண்டிய அளவு கல்சியம் கிடையாது. அதனால் மற்ற இடத்தில் வானளக்கிற மரம் அங்கே முழங்காலுக்கு மேலே வராது. ஆனால் ஒரு பன்னம், பெரணி வகைச் செடி, இருக்கிறது என்று யன்னலோரம் ஒரு சாடியைக் காட்டினார். மென்மையான இலை, கறுத்த தண்டு. இதற்கு அந்த மண்தான் வேண்டும், நல்ல மண்ணில் வைத்தால் மற்றச் செடிகளோடு போட்டிபோட முடியாமல் தோற்றுவிடும் என்றார். இதென்ன பிடிவாதம் பிடித்த செடி என்று எனக்கு அதில் ஒரு மரியாதை வந்தது.

உன் நாட்டிலும் இப்படி ஒரு இடம் இருக்கிறதே என்று கணினியில் படம் ஒன்றைக் காட்டினார். தென்கரையில், கடலைப் பார்த்த மேட்டில், ரத்தச் சிவப்பான வெறும் நிலம். அதில் செடிகள் நிலத்தோடு நிலமாக ஒட்டிக் கிடந்தன. போயிருக்கிறாயா என்று ஆசையாகக் கேட்டார். நான் வடக்கு, அது தெற்கு, இடையில் எத்தனை சோதனைச் சாவடி என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க வாய் உன்னியது. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

மாதங்கள் போய் மறுபடியும் டிசம்பர் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பேராசிரியை கற்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் திறந்த தட்டுகளில் இருந்தன, ஒன்று மட்டும் மூடி ஒட்டிய கண்ணாடிப் போத்தலில். கரும்பச்சை. நடுவில் வெள்ளைக் கோடு. கோட்டின் ஓரத்தில் நார் பிரிந்து நின்றது. எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம்.

"இது எங்களிடமும் இருக்கிறதே!" என்றேன். இதையா போத்தலில் அடைத்து வைத்திருக்கிறீர்கள், இதில் ஒரு கூலர் பெட்டி நிறைய எங்கள் வீட்டுக்கு வந்தது, நார் உரித்துப் பஞ்சாக்கி குழந்தை யேசுவுக்குப் படுக்கை செய்தோம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையில் இருந்த பேனையைக் கீழே வைத்தார்.

"உரித்தது யார்?"

"நாங்கள்தான். பெண்கள்."

"பஞ்சாக்கியது?"

"என் மகள். பேன் சீப்பால் சீவினாள்" என்றேன், இன்னும் சிரித்தபடி.

அவர் ஒரு கதிரையை இழுத்து, உட்கார் என்றார். வேலை நேரத்தில் என்னை யாரும் உட்கார் என்று சொன்னதில்லை. இது அஸ்பெஸ்டஸ் என்றார். சேர்ப்பன்டைன் குடும்பத்துக் கற்களில் ஒன்று இப்படி நாராக விளையும், இந்த மாகாணத்தில் அதைத் தோண்டித்தான் ஊர்களே உண்டாயின, அந்த அலுமாரிப் பைகளை உன்னைத் தொடவிடாதது இதனால்தான் என்றார்.

கல்நார். பள்ளிக்கூடத்தில் படித்த சொல். எங்கள் ஆய்வுகூடத்தில் சூடாக்கியின் மேலே வைக்கிற கம்பி வலையின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கும், அதுதான் கல்நார் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. சோதனையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கல்லில் இருந்து நாரை என் கையாலேயே உரித்தபோது அந்தச் சொல் ஒரு தடவையாவது தலையில் தட்டியதா? இல்லை.

அந்த நார் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக உடையும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடும், நோய் வருத்தம் வந்தால் முப்பது நாற்பது வருடம் கழித்துத்தான் தெரியும் என்று மெல்லிய குரலில் சொன்னார். என் மகள் ஊதி ஊதிப் பறக்கவிட்டதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். கொஞ்ச நாள், கொஞ்ச நேரம்தானே, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். பெரும்பாலும் என்றால் என்ன என்று கேட்டேன். ஒன்றுமே ஆகாது என்று சொல்ல என்னால் முடியாது என்றார். எடுப்பதற்கு மருந்து உண்டா? இல்லை. கழுவலாமா? முடியாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேலே என்றுதான் தெரியவில்லை. ஓட்டுநர் மேலேயா? அந்த மனிதர் அதில் சறுக்கி விளையாடியே வளர்ந்தவர். எங்கள் பங்கில் விஷத்தை விரித்து வைத்து அதற்குள் முகத்தைப் புதைத்து முத்தமிட்டிருக்கிறோம், அன்னம்மாள் தந்ததென்று பாட்டும் பாடியிருக்கிறோம். அந்த மீசைக்காரர், அந்தக் கர்ப்பிணிப் பெண் என்று ஒவ்வொரு முகமாக எனக்கு முன்னால் வந்து குனிந்தது.

"அந்தப் பஞ்சு இப்போது எங்கே?" என்று அவர் கேட்டார்.

கோயில் நிலவறையில், குடில் பெட்டிக்குள். நாளைக் காலை மறைக்கல்விப் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து உதறிக் குடில் கட்டப்போகிறார்கள். அதைச் சொல்லும்போதே நான் எழும்பிவிட்டேன். போனது போய்விட்டது, இனி ஒரு பிள்ளையின் மூச்சுக்குள் அது போகக்கூடாது. எனக்கு வேறு எந்த நினைவும் இல்லை. கூட்டாதே, உதறாதே, நன்றாக நனைத்துவிடு, நனைத்தால் பறக்காது, பிறகு இரண்டு பைகளில் கட்டு, நான் ஆள் அனுப்புகிறேன் என்று அவர் என் பின்னால் வந்து சொன்னார். முகமூடிகளும் தடித்த பைகளும் தந்துவிட்டார்.

அன்று பின்னேரம் முழுக்கத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். குடில் அண்ணை தொழிற்சாலையில், அங்கே கைபோன் எடுக்கவிடமாட்டார்கள், வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சுவாமியும் இல்லை. மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சும்மா ஒரு இருமல் இருமினாள். எனக்கு உயிர் போய் வந்தது.

காலையில் மகளைத் தகப்பனோடு விட்டுவிட்டுப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது, நடைபாதை எது தெரு எது என்று தெரியவில்லை. விழுந்தெழும்பிக் கோயிலுக்குப் போய் நிலவறைப் படியில் இறங்கும்போதே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பெட்டி திறந்து கிடந்தது. குடில் அண்ணை முழந்தாளில் இருந்து பஞ்சை இரண்டு கையாலும் எடுக்கிறார், ஏழெட்டுப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"பிள்ளையள் எல்லாரும் மேல ஓடுங்கோ! ஒருத்தரும் தொடாதையுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு சின்னது அழத் தொடங்கியது. படியடியில் நிலம் துடைக்கிற வாளி நின்றது, முதல்நாள் துடைத்த கறுத்த தண்ணீரோடு. தூக்கினேன். அண்ணை நிமிர்ந்து, "என்ன தங்கச்சி?" என்று கேட்டு முடிக்கவில்லை. முழு வாளியையும் பெட்டிக்குள் ஊற்றினேன். பஞ்சின் மேலே, அண்ணையின் கையின் மேலே. அப்போதுதான் கண்டேன், பாலனும் அதற்குள்ளேதான் கிடந்தார். ஊத்தைத் தண்ணீர் அந்தச் சின்ன முகத்தில் வழிந்தது.

பெரிய பிள்ளை ஒன்று சிலுவை அடையாளம் போட்டது. பிறகு எல்லாம் படியேறி ஓடிவிட்டன.

"உமக்கென்ன விசரே?" அண்ணை எழும்பவில்லை. "பாலன்ர சுருவம் பிள்ளை! பாலனுக்கு மேலயோ ஊத்தினனீர்?"

முகமூடியை அவரிடம் நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. கல்லில் என்ன நஞ்சு, அந்த ஓட்டுநர் குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறாரே, பராமரிப்புக் கிழவரும் பார்த்துச் சரி என்றாரே என்றார். இந்த நாட்டு ஆட்களே தோண்டி விற்கிறார்கள், கூடாத சாமான் என்றால் அரசாங்கம் விடுமா என்றார். அது எனக்கும் விளங்கவில்லை என்றுதான் சொன்னேன். பேராசிரியையின் அலுமாரியைச் சொன்னேன், மூடி ஒட்டிய போத்தலைச் சொன்னேன். "என்ர பிள்ளைதான் அண்ணை சீவினவள். விளையாட்டுக்கோ நான் வந்து ஊத்தினனான்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை.

நனைந்த கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "ஒவ்வொருத்தரும் முத்தி செய்து எழும்ப எழும்ப, பஞ்சு அமத்துப்பட்டுப் போகுதெண்டு நான்தானே திரும்பத் திரும்பக் கிளப்பி விட்டனான்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டு, ஈரப் பஞ்சை அள்ளிப் பைகளில் கட்டினோம். பாலனை அவர் குழாயடியில் வைத்துக் கழுவினார், காது மடிப்புக்குள்ளும் விரல் விட்டுக் கழுவினார்.

கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டார். "தங்கச்சி, அஸ்பெஸ்டஸ் எண்டு சொன்னனீர். ஊரில கூரைக்குப் போடுற சீற், அதுவும் இதோ?"

"ஓம் அண்ணை. இதைச் சீமெந்தோட குழைச்சுத்தான் செய்யிறது. இங்கயிருந்து கப்பல்ல எங்கட பக்கத்து நாடுகளுக்கும் போகுதாம்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"சண்டையில செல்லடியில போன கூரை," என்றார். "சமாதானம் வந்தாப்பிறகு இப்பதான் எங்கட ஊர்க் கோயிலுக்குத் திருப்பிப் போடுகினம். தம்பிதான் நிண்டு செய்விக்கிறான். சீற்தான்."

ஈரக் கையாலேயே காற்சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். தொலைபேசி அட்டையின் இலக்கங்களை அடிக்கும்போது இரண்டு தடவை பிழைத்தது. அங்கே இரவு சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். தம்பி உடனே எடுத்தார். ஊரில் போனில் கதைப்பவர்கள் கத்தித்தான் கதைப்பார்கள், எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணை! கூரை முடிஞ்சுது! வியாழக்கிழமையே முடிஞ்சுது. இப்ப பிள்ளையளோட குடில் கட்டிறன். போன நத்தாருக்கு நீங்கள் அனுப்பின குடில் படத்தை வைச்சுப் பாத்து, அதேமாதிரி!"

அண்ணை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குழாயை மூடினார்.

"பனிக்குத்தான் என்ன செய்யிறதெண்டு மண்டையைப் போட்டு உடைச்சனாங்கள். பேந்து பாத்தால், சீற் அறுத்த தூள் ரெண்டு சாக்குக் கிடக்குது. நல்ல மா மாதிரி. பிள்ளையள் அரிதட்டால அரிச்சு அரிச்சுத் தூவுகினம். கோயிலுக்குள்ள ஒரே பனிமூட்டம்! கனடா தோத்துது போங்கோ!"

அண்ணை போனை என்னிடம் நீட்டினார். அவருடைய கை அந்தரத்திலேயே நின்றது. நான் வாங்கினேன்.

"தம்பி, நான் அண்ணையின்ர பங்கில இருக்கிறன். பிள்ளையளை வெளியில விடுங்கோ. அந்தத் தூளுக்கு மேல தண்ணியை ஊத்துங்கோ. இப்பவே ஊத்துங்கோ."

"என்ன அக்கா? பிள்ளையள் ஒரே சத்தம், கேக்கேல்ல."

"தண்ணி! தண்ணி ஊத்துங்கோ!"

தம்பி வாய்விட்டுச் சிரித்தார்.

"தண்ணி ஊத்தினால் பனி கரைஞ்சு போமெல்லோ அக்கா!"

அவருக்குப் பின்னால் பிள்ளைகள் இருமி இருமிச் சிரித்துக்கொண்டு, பாட்டைத் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார்கள்.